ஆட்டமே இல்லாத பால் ஜாயிண்ட்: ஒரு பழைய மினியோட ஸ்டியரிங் கேஸ்

பால் ஜாயிண்ட், அதாவது வீல் ஹப்பையும் சஸ்பென்ஷன் ஆர்மையும் சேக்கற பந்து மூட்டு, கெட்டுப்போச்சுன்னா வீல்ல ஆட்டம் இருக்கும், பள்ளத்துல இறங்கினா டொக்குன்னு சத்தம் வரும், எல்லாருக்கும் தெரிஞ்சது இதுதான். இந்த வண்டில ரெண்டுமே இல்ல, ஆனா நாலு பால் ஜாயிண்டும் தூக்கிப் போடற நிலைமைல இருந்துச்சு. அதனாலதான் முழுசா எழுதி வைக்கலாம்னு தோணுச்சு.

வண்டி 1978 மாடல் மினி 1000. முன்னாடியும் டிரம் பிரேக், 10 இன்ச் வீல், ஸ்பிரிங்குக்குப் பதிலா கூம்பு ரப்பர் இருக்கற ரப்பர் கோன் சஸ்பென்ஷன். கம்ப்ளைண்ட் என்னன்னா, திருப்பத்துல ஸ்டியரிங்க ஒடிச்சிட்டு கைய லூஸ் விட்டா அது தானா திரும்பி வரல, பாதில நின்னுடுது, நாமதான் இழுத்து நேராக்கணும். நேர் ரோட்டுல போகும்போதும் லேசா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அலையுது, சரி பண்ண திருப்பினா கொஞ்சம் ஓவரா போகுது, திரும்ப இந்தப் பக்கம் இழுக்கணும், இப்படியே ஓட்டினா நீண்ட தூரத்துக்கு தோள்பட்டை வலி வந்துடும். மினி மாதிரி லேசான வண்டில ஸ்டியரிங் ரெண்டு விரல்ல சுத்தணும், அதுதான் அந்த வண்டியோட உயிரே.

வண்டிக்கார அண்ணன் ஏற்கனவே காத்து செக் பண்ணிட்டார், டை பார் (கீழ் ஆர்ம முன்பக்கமா பிடிச்சிருக்கற கம்பி) புஷ் மாத்திட்டார், அலைன்மெண்டும் பார்த்தாச்சு. ஸ்டியரிங் ரேக் (ஸ்டியரிங் சுத்தறத வீலுக்குக் கொண்டு போற பல் கம்பி) போயிருக்கும், மாத்திடுங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. "அண்ணே, இது எப்பலேர்ந்து இப்படி?"ன்னு கேட்டேன். "முன்னாடி பால் ஜாயிண்ட்ல ஆட்டம் இருக்குன்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல சரி பண்ணாங்க தம்பி. ஆட்டம் சுத்தமா போயிடுச்சு, ஆனா அப்புறம்தான் ஸ்டியரிங் கனமாச்சுன்னு நினைக்கிறேன்"ன்னார். எனக்கு அங்கயே பாதி விஷயம் புரிஞ்சிடுச்சு, ஆனா புரிஞ்சதுன்னு நினைச்சு நேரா கழட்ட ஆரம்பிக்கக் கூடாது, சோதிச்சுப் பார்க்கணும்.

மினியோட முன்பக்க அமைப்பு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். வீல் சுத்தற ஹப் இருக்கே, அதுக்கு மேல ஒரு பால் ஜாயிண்ட், கீழ ஒரு பால் ஜாயிண்ட். மேல இருக்கற பின் மேல் ஆர்ம்ல டேப்பரா, அதாவது கூம்பு வடிவத்துல இறுகி, உட்காரும், கீழ இருக்கற பின் கீழ் ஆர்ம்ல உட்காரும். ரப்பர் கோன் மேல் ஆர்ம அமுக்கறதால வண்டியோட வெயிட் மேல் பால் ஜாயிண்ட் வழியாத்தான் வீலுக்கு இறங்குது. அதனால மேல் பந்து எப்பவும் சீட்ல அமுங்கியே இருக்கும். கீழ இருக்கறதுக்கு அந்த வெயிட் கிடையாது, அதனால அதோட சீட்டுக்கு அடியில ஒரு சின்ன ஸ்பிரிங் போட்டு பந்தோட சேத்து அமுக்கி வச்சிருப்பாங்க. இந்த ஸ்பிரிங் விஷயம் பின்னாடி முக்கியமா வரும்.

இன்னொன்னு, இப்ப வர்ற வண்டிங்க மாதிரி இது சீல் பண்ணி வர்ற ஜாயிண்ட் இல்ல. பந்து தனி, சீட் தனி, மேல மூடற குவிஞ்ச நட்டு தனி, நடுவுல நட்டு கழலாம பிடிக்கற லாக் வாஷரும், ஷிம்னு சொல்ற மெல்லிய தகடு வளையமும். ஷிம் எவ்ளோ போடறமோ அதுக்குத் தகுந்த மாதிரி லூஸாவோ டைட்டாவோ ஆகும். ஷிம் கூட்டினா லூஸ், குறைச்சா டைட். சரியா செஞ்சா பல வருஷம் ஓடும், கிரீஸ் வைக்கலாம், திரும்ப அட்ஜஸ்ட் பண்ணலாம். ஆனா செய்யறவங்க கையிலதான் எல்லாம் இருக்கு.

சோதனை

முன்னாடி ரெண்டு பக்கமும் தூக்கி ஸ்டாண்ட்ல வச்சேன். ஜாக்கிய மட்டும் நம்பி அடியில கைய விடவே விடாதீங்க. வீல மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினேன், ஒண்ணும் இல்ல. இங்க ஆட்டம் இருந்தா ஒருத்தர பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு திரும்ப ஆட்டிப் பார்க்கணும், பிரேக் மிதிச்சதும் ஆட்டம் மறைஞ்சா அது வீல் பேரிங், மறையலைன்னா பால் ஜாயிண்ட். பக்கவாட்டுல பிடிச்சு ஆட்டினா வர்றது பெரும்பாலும் டை ராட் எண்ட் (ரேக்கையும் ஹப்போட ஸ்டியரிங் ஆர்மையும் சேக்கற மூட்டு) இல்லன்னா ரேக். இந்த வண்டில எதுலயும் ஆட்டம் இல்ல, வழக்கமான செக்கிங்ல இது பாஸ் ஆயிடும்.

அடுத்த டெஸ்ட்தான் முடிவு சொன்னது, கனமான ஸ்டியரிங் இருக்கற எந்தப் பழைய வண்டிக்கும் இத பண்ணலாம். ரெண்டு பக்கமும் டை ராட் எண்ட ஸ்டியரிங் ஆர்ம்லேர்ந்து பிரிச்சு விட்டுட்டேன். இப்ப ரேக் தனி, ஹப் தனி. ஸ்டியரிங் வீல சுத்தினா இந்த மூலைலேர்ந்து அந்த மூலை வரைக்கும் வழுக்கிட்டு போகுது, எந்த இடத்துலயும் பிடிக்கல. ரேக் மேல பழி போட வேண்டியதில்லன்னு ஆச்சு. அப்புறம் ஹப்ப கையால திருப்பினேன். நேரா இருக்கற இடத்துல ஓரளவு ஃப்ரீயா இருக்கு, கொஞ்சம் இடது பக்கம் திருப்பினதும் இறுகுது, இன்னும் திருப்பினா கை வலிக்கற அளவுக்கு பிடிக்குது. ரெண்டு பக்க வீலும் அப்படித்தான், டிரைவர் சைடு கொஞ்சம் மோசம்.

நடுவுல ஃப்ரீ, ஓரத்துல டைட். இந்த ஒரு வரிதான் இந்த கேஸோட மொத்தமும். புது பந்து எந்தக் கோணத்துலயும் ஒரே மாதிரி திரும்பணும். நடுவுல ஒரு மாதிரி ஓரத்துல ஒரு மாதிரின்னா பந்து உருண்டையா இல்லன்னு அர்த்தம்.

கழட்டினது

ஷிம் வேலைய வண்டிலயே வச்சும் சிலர் பண்றாங்க, எனக்கு அதுல திருப்தி இல்ல. பந்து எவ்ளோ டைட்டா இருக்குன்னு கையில உணரணும்னா ஹப் மேஜை மேல இருக்கணும், அதனால ஹப்ப முழுசா எடுத்தேன். வண்டி தரையில நிக்கும்போதே ஸ்ப்ளிட் பின்ன எடுத்துட்டு ஹப் நட்ட லூஸ் பண்ணிக்கணும், தூக்கினப்புறம் வீல் சுத்தும், பவர் கிடைக்காது. அதே சமயத்துல மேல் ஆர்முக்கு அடியில இருக்கற ரீபவுண்ட் ரப்பர கழட்டிட்டு அந்த இடத்துல ஒரு கட்டை சொருகிட்டேன். வண்டிய தூக்கினப்புறமும் ஆர்ம் கீழ இறங்காம ரப்பர் கோனோட அழுத்தம் அந்தக் கட்டைலயே நிக்கும், பால் ஜாயிண்ட் மேல வராது. இது பண்ணாம மேல் டேப்பர பிரிக்கறது தேவையில்லாத சண்டை.

பிரேக் ஹோஸ பிரிச்சு வாய அடைச்சாச்சு, டிரம் எடுத்தாச்சு. டேப்பர் பிரிக்க முள்ளுக்கரண்டி மாதிரி இருக்கற ஃபோர்க்க நான் தொடறதில்ல, அடிச்சு இறக்கும்போது பூட்ட, அதாவது ஜாயிண்ட மூடியிருக்கற ரப்பர் உறைய, கிழிச்சிடும். பால் ஜாயிண்ட் பூட் எப்படியும் மாத்தப்போறோம், ஆனா அதே பழக்கத்துல டை ராட் எண்ட்லயும் அத விட்டு அடிச்சு நல்ல பூட்ட நாசம் பண்ணிடுவாங்க. ஸ்க்ரூ வச்சு அழுத்தற புல்லர் போட்டு டைட் வச்சுட்டு, டேப்பர் இருக்கற ஆர்மோட கண்ணுல பக்கவாட்டுல சுத்தியலால சுருக்குன்னு ஒரு தட்டு தட்டினா டப்புன்னு விடும். நட்ட முழுசா கழட்டிடாம ரெண்டு மரை விட்டு வைங்க, இல்லன்னா ஹப் கால்ல வந்து விழும்.

ஹப்ப மேஜைல வச்சு குவிஞ்ச நட்ட 38 மிமீ சாக்கெட் போட்டு கழட்டினேன். லாக் வாஷரோட காது ஏற்கனவே மடிச்சு நிமித்தி திரும்ப மடிச்சது, ஒண்ணுல காது பாதி ஒடிஞ்சே போயிருந்தது. முன்னாடி வேலை பார்த்தவங்க பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்காங்க. ஷிம்ம எடுத்து மைக்ரோமீட்டர்ல பார்த்தேன், கீழ் ஜாயிண்ட்ல ஒரே ஒரு மெல்லிய ஷிம்தான் மிச்சம். ஆட்டம் இருக்குன்னு பார்த்து, ஷிம்ம உருவி உருவி ஆட்டம் நிக்கற வரைக்கும் இறுக்கியிருக்காங்க. பந்து பழசேதான்.

அந்தப் பந்த மண்ணெண்ணெய்ல கழுவி வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தா எல்லாம் வெளிச்சமாயிடுச்சு. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி தேய்ஞ்சு பளபளன்னு ஒரு பட்டை, தொட்டா லேசா தட்டையா இருக்கறது விரல் நுனிக்கே தெரியுது. பின்னோட கழுத்துக்குப் பக்கத்துல சுத்தி பழுப்பு கலர்ல துரு வளையம், அதுக்குள்ள ஊசி முனை அளவுக்கு குழி குழியா. நகத்த வச்சு இழுத்தா நகம் மாட்டுது. காலிபர்ல ரெண்டு திசைல அளந்தா ரெண்டு அளவு வருது. சீட்லயும் அதே மாதிரி ஒரு பக்கமா தேய்மானம்.

நடந்தது இதுதான். வண்டி ஓடற நேரத்துல பெரும்பகுதி ஸ்டியரிங் நேராத்தான் இருக்கு. பிரேக் பிடிக்கற விசையும் ரோட்டு அடியும் அந்த நிலைலயே பந்துல ஒரே இடத்துல விழுந்துக்கிட்டே இருக்கு, அங்க மட்டும் தேயும். அந்தத் தேஞ்ச இடத்துக்கு ஆட்டம் நிக்கற மாதிரி ஷிம்ம எடுத்து இறுக்கினா, வீல திருப்பும்போது தேயாத பகுதி அந்த இடத்துக்கு வரும், அதுக்கு உள்ள இடம் பத்தாது, பிடிச்சுக்கும். மினில வீல் தானா திரும்பி வர்றது காஸ்டர் கோணமும் (ஹப் பின்பக்கமா சாஞ்சிருக்கறது) ஹப்போட உள்பக்கச் சாய்வும் தர்ற சின்ன விசைலதான். பால் ஜாயிண்டோட பிடிப்பு அந்த விசைய விட அதிகமாயிட்டா ஸ்டியரிங் போட்ட இடத்துல நிக்கும். டை பார் புஷ்ஷும் அலைன்மெண்டும் எத்தன தடவை பார்த்தாலும் இது சரியாகாது, பாவம் அவர் செலவு பண்ணதெல்லாம் வேற இடத்துல.

தேஞ்ச பந்துக்கு ஷிம் மருந்து கிடையாது. ஷிம் இருக்கறது புதுப் பந்தையும் புதுச் சீட்டையும் ஒண்ணோட ஒண்ணு சேர்க்கறதுக்கு. கொஞ்ச நாள் ஓடி லேசா ஆட்டம் வந்து, கழட்டிப் பார்த்தா பந்து இன்னும் உருண்டையா, சொரசொரப்பு இல்லாம இருந்தா ஒரு ஷிம் எடுக்கலாம், அது நியாயம். அளக்காம எடுக்கறது நியாயமே இல்ல, ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட வேலை இது.

எல்லாத்துக்கும் ஆரம்பம் பூட்

பந்து ஏன் இவ்ளோ தேஞ்சதுன்னு கேட்டா பதில் பூட்லதான் இருக்கு. நாலுல மூணு பூட் மடிப்புல வெடிச்சு உள்ள தெரியற மாதிரி கிடந்தது. உள்ள இருந்த கிரீஸ் கிரீஸாவே இல்ல, தண்ணி கலந்து வெளிர் பழுப்பு கலர்ல, ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சா நறநறங்குது. தண்ணி உள்ள போனா பந்து துரு பிடிக்கும், துரு பிடிச்ச குழியோட ஓரம் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் சீட்ட அறுக்கும், அறுத்த துகளும் ரோட்டு மண்ணும் சேர்ந்து கிரீஸையே தேய்க்கற பேஸ்ட்டா மாத்திடும். ஒரு சின்ன ரப்பர் கிழிஞ்சா அதுக்கப்புறம் மத்ததெல்லாம் வரிசையா நடக்கறதுதான்.

ரப்பர் ஏன் வெடிக்குதுன்னா, காத்துல இருக்கற ஓசோன் இழுபட்ட ரப்பரத்தான் முதல்ல தாக்கும், மடிப்புலயும் வாய் ஓரத்துலயும் குறுக்கா மயிரிழை மாதிரி கோடு கோடா விழும். ஓடாம நிக்கற வண்டிலயும் இது நடக்கும், ஏன்னா மடிப்பு ஒரே நிலைல இழுபட்டே நிக்குது. பழைய வண்டி வச்சிருக்கறவங்க, வண்டி ஓடவே இல்ல பூட் எப்படி போகும்னு கேக்கறாங்க, ஓடாததாலயும் போகும். இஞ்சின் ஆயில் கசிவு பட்டா வேற மாதிரி போகும், ஊறி உப்பி கொழகொழன்னு ஆயிடும். மினில இஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே ஆயில்ல ஓடுது, டிரைவ் ஷாஃப்ட் சீல்ல கசிஞ்சா முன் பக்கம் முழுக்க தெளிக்கும். இந்த வண்டில ஒரு பக்கம் அப்படி ஒரு லேசான கசிவு இருந்துச்சு, அதையும் சரி பண்ணிட்டுத்தான் புது பூட் மாட்டினேன்.

புது பூட்டுன்னு பாக்கெட்ல வர்றது எல்லாமே நல்லது கிடையாது. கிட்டோட வந்த ஒண்ண விரல்ல மாட்டி இழுத்துப் பார்த்தேன், அப்பவே மடிப்புல வெளுத்து கோடு விழுந்தது, மாட்டுறதுக்கு முன்னாடியே அதோட ஆயுசு முடிஞ்சிருந்தது. எந்தக் கடைல வாங்கினாலும் மாட்டறதுக்கு முன்னாடி உள்வெளியா திருப்பி, மடிப்ப விரிச்சு, வெளிச்சத்துல பாருங்க. சுவர் ஒரே கனமா இருக்கணும், இழுத்து விட்டா உடனே பழைய வடிவத்துக்கு வரணும். பல வருஷமா கடைல கிடந்த ஒரிஜினல் பெட்டின்னு ஆசைப்பட்டு வாங்கறாங்க, மெட்டல் பார்ட்டுக்கு அது சரி, ரப்பருக்கு பெட்டிக்குள்ளயும் வயசாகும். பாலியூரித்தேன் பூட் கிழியாது, ஆனா விறைப்பா இருக்கறதால சில வண்டில வாய் சரியா ஒட்டாம இடைவெளி விடுது, நான் மென்மையான நல்ல ரப்பரத்தான் போட்டேன்.

பூட் மட்டும் மாத்தினா போதுமா, ஜாயிண்டயும் மாத்தணுமான்னு அடிக்கடி கேக்கறாங்க. கிரீஸ பாருங்க. கிழிஞ்சது சமீபத்துலதான், கிரீஸ் கலர் மாறல, விரல்ல தேய்ச்சா நறநறப்பு இல்ல, பின்ன சுத்தினா எல்லா கோணத்துலயும் ஒரே மாதிரி இருக்குன்னா பழைய கிரீஸ துடைச்சு எடுத்துட்டு புது கிரீஸும் புது பூட்டும் போடலாம், தப்பே இல்ல. கிரீஸ் பழுப்பாயிருந்தா ஜாயிண்டோட சேத்து மாத்துங்க. வோக்ஸ்வாகன் பீட்டில் மாதிரி வண்டில, 1966 மாடல்லேர்ந்து வந்த பால் ஜாயிண்ட் ஆர்ம்ல பிரெஸ் வச்சு இறக்கினது, அத எடுக்க பிரெஸ் வேணும், அங்க பூட்ட நேரத்துல மாத்தறது ரொம்பப் பெரிய வேலைய மிச்சம் பண்ணும்.

ஷிம் போட்டது

புதுக் கிட்ல வந்த பந்தையும் சீட்டையும் முதல்ல வெறுமனே சேத்து சுத்திப் பார்த்தேன். ரெண்டு செட்ல குவிஞ்ச நட்டோட உள்பக்கம் கடைசல் கோடு தெரிஞ்சது, லேசா சொரசொரன்னு இருந்தது. வால்வு கிரைண்டிங் பேஸ்ட்ல மெல்லியத கொஞ்சமா தடவி பந்த சுழட்டி சுழட்டி தேய்ச்சா ஒரே மாதிரி மங்கலா ஒரு பட்டை விழும், அது வந்ததும் நிறுத்திடணும். அப்புறம் மண்ணெண்ணெய்ல துளி பேஸ்ட் கூட இல்லாம கழுவணும், கழுவி துணியால துடைச்சு திரும்பக் கழுவணும், உள்ள மிஞ்சினா பழைய கதைதான்.

அளக்கற முறை இதுதான். கீழ் ஜாயிண்டுக்கு அந்த ஸ்பிரிங்க வெளிய எடுத்து வச்சிடணும், இருந்தா ஸ்பிரிங்கோட அழுத்தத்தையும் பந்தோட பிடிப்பையும் பிரிச்சு உணர முடியாது. ஷிம்மும் லாக் வாஷரும் இல்லாம சீட், பந்து, நட்டு மட்டும் போட்டு, பின்னுல ஆட்டம் சரியா நிக்கற இடம் வரைக்கும் நட்ட கையோட பதமா இறக்கணும். இப்ப நட்டுக்கும் ஹப்புக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய ஃபீலர் கேஜ்ல (கனம் தெரிஞ்ச மெல்லிய தகடுங்க இருக்கற கருவி) அளக்கணும், ஒரு இடத்துல மட்டும் அளக்காம சுத்தி மூணு இடத்துல. உதாரணத்துக்கு 1.40 மிமீ வந்துச்சுன்னு வைங்க, லாக் வாஷரோட கனம் 0.91 மிமீ, அத கழிச்சா 0.49 மிமீ, அந்த அளவுக்கு ஷிம். கடைசியா இருக்க வேண்டியது பிடிப்பு இல்லாத நிலைலேர்ந்து 0.08 மிமீ ஆட்டம் வரைக்கும். கணக்கு சரியா வர்ற ஷிம் இல்லன்னா நான் ஒரு துளி லூஸ் பக்கம்தான் போவேன், டைட் பக்கம் போகவே மாட்டேன்.

அப்புறம் லாக் வாஷர், ஷிம் எல்லாம் வச்சு நட்ட 102 நியூட்டன் மீட்டருக்கு டைட் வச்சுட்டு பின்ன பிடிச்சு எல்லா கோணத்துக்கும் சாய்ச்சு சுத்திப் பார்க்கணும். ஒரு விரலோட அழுத்தத்துல, லேசான ஒரு தடையோட, எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி நகரணும். ஃபைனல் டார்க் வச்சப்புறம் உணர்வு மாறும், அதனால கையால இறுக்கி பார்த்ததோட விட்டுடாதீங்க. ஒரு ஜாயிண்ட்ல டார்க் வச்சதும் ஓரத்துல பிடிச்சது, திரும்பக் கழட்டி 0.05 மிமீ ஷிம் கூட்டினதும் வழுக்கிட்டு போச்சு. அவ்ளோ சின்ன அளவுலதான் இந்த வேலை நிக்குது, கண்ணால பார்த்து போடற ஆளுக்கு இது வராது. கடைசில கிரீஸ் வச்சு, கீழ் ஜாயிண்டுக்கு ஸ்பிரிங்கோட, புது லாக் வாஷரோட மூடி, வாஷரோட காத நட்டோட பட்டையான பக்கங்கள்ல ஒட்ட மடிச்சேன்.

மாட்டறதுல ரெண்டு விஷயம் சொல்லணும். டேப்பர் ரெண்டு பக்கமும் துடைச்சு காஞ்சு இருக்கணும், கிரீஸ் தடவாதீங்க. நட்ட டைட் வைக்கும்போது பின்னும் கூடவே சுத்தினா, அடியில ஜாக்கி குடுத்து டேப்பர அழுத்திப் பிடிச்சுட்டு டைட் வச்சா பிடிச்சுக்கும். ஆர்ம்ல பின் நட்டுக்கு 54 நியூட்டன் மீட்டர், உங்க வண்டியோட மேனுவல்ல ஒரு தடவை சரி பார்த்துக்குங்க. இன்னொன்னு, ஆர்ம் இறங்கி உட்காரும்போது பூட்டோட உதடு ஆர்முக்கும் நட்டுக்கும் நடுவுல நசுங்குதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, நசுங்கினா முதல் ஃபுல் திருப்பத்துலயே கிழியும். எல்லாம் மாட்டினப்புறம் ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு பூட் முறுக்கிக்காம இருக்கான்னு பார்த்தேன்.

கிரீஸ் கன் அடிக்கும்போது வீல் தொங்கற நிலைல இருந்தா நல்லது, பந்து சீட்ல அமுங்காம இருக்கறதால கிரீஸ் சுத்தி போகும். பூட் லேசா உப்ப ஆரம்பிச்சதும் நிறுத்திடணும். பீச்சிக்கிட்டு வெளிய வர்ற வரைக்கும் அடிக்கறவங்க பூட்டோட வாய தாங்களே திறந்து விட்டுடறாங்க, அப்புறம் அது மூடவே மூடாது.

பிரேக்ல ஏர் எடுத்து, டிராக்கிங் (முன் வீல் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எப்படி நிக்கணுங்கற அளவு) செட் பண்ணி, ஓட்டிப் பார்த்தோம். இந்த வண்டிக்கு முன் வீல் முன்னாடி பக்கம் 1.6 மிமீ வெளிய விரிஞ்சு இருக்கணும், பால் ஜாயிண்ட் மாத்தினதும் ஹப் உட்காரற இடம் லேசா மாறும், அதனால பழைய அளவு இருக்கும்னு நம்பக் கூடாது. முதல் திருப்பத்துல அண்ணன் கைய தளர்த்தினதும் ஸ்டியரிங் உள்ளங்கைல வழுக்கிட்டு நேரா வந்து நின்னுச்சு. "ரேக்க மாத்தியிருந்தா?"ன்னு கேட்டார். "புது ரேக்கோட இதே கம்ப்ளைண்ட்தான் இருந்திருக்கும் அண்ணே"ன்னேன்.

கொஞ்ச தூரம் ஓடினதும் புது சீட் பந்தோட படியும், அதனால 1000 கிமீ ஆனதும் தூக்கி ஆட்டம் பார்க்கச் சொல்லியிருந்தேன். வந்தப்ப மூணு ஜாயிண்ட்ல ஒண்ணுமில்ல, ஒரு கீழ் ஜாயிண்ட்ல மட்டும் கைக்குத் தெரியற மாதிரி ஒரு துளி அசைவு. அளந்து ஒரு 0.05 மிமீ ஷிம்ம எடுத்து புது லாக் வாஷர் போட்டு மூடினேன், டை ராட் எண்ட பிரிச்சு ஹப்ப மூலைக்கு மூலை திருப்பி பிடிக்கலைன்னு பார்த்துட்டு வண்டிய குடுத்தேன். இனிமே 5000 கிமீக்கு ஒரு தடவை கிரீஸ் கன், ஒவ்வொரு தடவை வீல் கழட்டும்போதும் பூட்டோட மடிப்ப விரிச்சு ஒரு பார்வை.